ஒதெல்லோவில் 'ஆனஸ்ட்' யாருக்கு?

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் என்றாலே எல்லாரும் கைக்குட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தளபதி ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த அந்தக் கைக்குட்டையை வைத்துத்தான், அவளுக்கு லெப்டினன்ட் (துணைத்தளபதி) காசியோவோடு கள்ள உறவு என்று ஒதெல்லோவை நம்ப வைக்கிறான் அவன் கீழ் வேலை பார்க்கும் இயாகோ. என்னைக் கேட்டால் அந்த நாடகத்தில் கைக்குட்டையைவிடப் பெரிய வேலை பார்ப்பது 'ஆனஸ்ட்' (honest) என்கிற ஒரு சொல்தான். விமர்சகர் வில்லியம் எம்ப்சன் இதைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார், 'ஆனஸ்ட்', 'ஆனஸ்டி' இரண்டும் சேர்ந்து 52 இடங்களில் வருகின்றன என்பது அவர் கணக்கு.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தச் சொல்லுக்கு ஆளைப் பொறுத்துப் பொருள் மாறும். ஆணைச் சொன்னால் நேர்மையானவன், நம்பலாம். பெண்ணைச் சொன்னால் பெரும்பாலும் கற்புள்ளவள் என்று அர்த்தம். அவள் உண்மை பேசுகிறாளா என்பதெல்லாம் அப்புறம்தான்.

இயாகோவுக்கு இந்தப் பட்டம் சும்மாவே கிடைக்கிறது. தான் வெளியே தெரிகிற மாதிரியான ஆள் இல்லை என்று முதல் காட்சியிலேயே தன் கூட்டாளி ரொடெரிகோவிடம் சொல்லிவிடுகிறான், அது நமக்குத் தெரியும், ஆனால் ஒதெல்லோவோ 'ஆனஸ்ட் இயாகோ' என்று அழைத்துத்தான் டெஸ்டிமோனாவை சைப்ரசுக்குக் கூட்டிவரும் பொறுப்பையே அவனிடம் ஒப்படைக்கிறான். காசியோவைக் குடிக்க வைத்துப் பதவி போகச் செய்ததும் இயாகோதான். அதே இரவில் காசியோ 'குட்நைட், ஆனஸ்ட் இயாகோ' என்று அவனிடம் விடைபெறுகிறான்! இன்னொன்று, மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தட்டிக்கொடுக்கிற தொனியும் இந்தச் சொல்லில் உண்டு, எம்ப்சனும் இதைச் சொல்கிறார். லெப்டினன்ட் பதவி காசியோவுக்குப் போனது, இயாகோவுக்குக் கிடைத்தது இந்தச் சொல்தான். அவன் வன்மத்துக்கு இதுவும் ஒரு தீனி என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாம் அங்கத்தில் காசியோ ஆனஸ்ட் இல்லையா என்று ஒதெல்லோ கேட்க, இயாகோ பொய் எதுவும் சொல்வதில்லை, 'ஆனஸ்டா, பிரபு?' என்று அதே சொல்லைத் திருப்பிக் கேட்கிறான். அவ்வளவுதான், ஒதெல்லோவுக்குள் சந்தேகம் புகுந்துவிடுகிறது. அடுத்த அங்கத்தில் என் கணவர் என்னை ஆனஸ்ட் என்று நினைக்கிறார் என நம்புகிறேன் என்கிறாள் டெஸ்டிமோனா. ஆமாம், கசாப்புக் கடையில் மொய்க்கும் கோடைகால ஈக்களைப் போல, என்கிறான் ஒதெல்லோ. இயாகோவுக்குக் கேள்வி இல்லாமல் கொடுத்த சொல்லை இவள் கெஞ்சியும் பெற முடியவில்லை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு எரிகிற இடம் இது.

நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் காசியோவின் காதலி பியான்காவையும் கொஞ்சம் பேச வேண்டும். காசியோ வெட்டுப்பட்டுக் கிடக்கிறான் என்று புலம்புகிறவளை இயாகோவின் மனைவி எமிலியா வேசி என்று திட்டுகிறாள். நான் வேசி இல்லை, என்னைத் திட்டுகிற உன்னைப் போலவே நானும் ஆனஸ்டாக வாழ்கிறவள் என்று பியான்கா அங்கேயே பதில் சொல்கிறாள். யாரிடமும் கேட்காமல் அந்தச் சொல்லைத் தானே எடுத்துக்கொள்கிறாள், எவ்வளவு துணிச்சல்! அடுத்த காட்சியிலேயே, கைக்குட்டை விஷயத்தை எமிலியா உடைத்துச் சொன்னதும், அவள் பியான்கா மேல் எறிந்த அதே மாதிரி வசையை எமிலியா மேலேயே எறிகிறான் இயாகோ, கத்தியும் கையுமாக.