கார்டு மட்டும் போதாது

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஃப்யூயல் கார்டு, அதாவது பங்கில் டீசல் போடுவதற்கான கார்டு, வாங்கிவிட்டால் டீசல் செலவு கட்டுக்குள் வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஈரோட்டில் நாலு குட்டி யானை (டாடா ஏஸ் வண்டி) வைத்து கடைகளுக்கு எண்ணெய், மசாலா சரக்கு போடுகிறேன். கார்டு பணம் எங்கே போனது என்று சொல்லும். ஏன் போனது என்று சொல்லாது.

எங்கள் வழக்கம் இதுதான்: ஒவ்வொரு முறையும் டேங்க் நிரம்ப போட வேண்டும், ஐந்நூறுக்குப் போடு, ஆயிரத்துக்குப் போடு என்பது கிடையாது. பில்லையும் ஓடிய கிலோமீட்டரையும் டிரைவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஓடிய தூரத்தை, இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும்.

போன வருடம் ஒரு வண்டியின் மைலேஜ் லிட்டருக்கு 17 கிலோமீட்டரிலிருந்து 13க்கு இறங்கியது. தினம் 80 கிலோமீட்டர், லிட்டர் 92 ரூபாய், மாதம் 26 நாள் என்று போட்டால் கிட்டத்தட்ட 3,500 ரூபாய் நஷ்டம். டிரைவர் மேல்தான் சந்தேகம் வந்தது, கேட்டும்விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல், கடைகளுக்குச் சரக்கு போட்டு முடிந்து வந்ததும் என் கையைப் பிடித்துப் பின்சக்கர டிரம் பக்கம் கொண்டுபோனார். அனல். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. "இப்ப நம்புறீங்களாண்ணே?" என்றார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம், டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. பில் எவ்வளவு சேர்த்தாலும் டீசலுக்குக் கட்டிய வரி, உள்ளீட்டு வரி என்று ஜிஎஸ்டி கணக்கில் திரும்பக் கிடைக்காது. வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டத்தான் அந்த பில் உதவும்.