ஊர் சுற்றும் வேலை வேண்டுமாம் மருமகனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் மகன், என் மருமகன், மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருஷம். பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான். "மாமா, ஒரே ஆபீஸ், ஒரே சீட்டு, அதெல்லாம் எனக்கு ஒத்துவராது. டிராவல் பண்ணிக்கிட்டே இருக்கிற மாதிரி ஒரு வேலை சொல்லுங்க. உங்கள மாதிரி."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டதும் என் மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

அவனுக்கு அங்கே உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. லோக்கல் ரயிலில் திரும்பி வரும்போது மனதுக்குள் ஓடியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான்.

என் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் எஞ்சினியர். 2003-ல் சேர்ந்தேன். நூல் முறுக்கும் ரிங் பிரேம், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங், எது மக்கர் செய்தாலும் மில்லிலிருந்து போன் வரும், பையைத் தூக்க வேண்டும். மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் வெளியூர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் அப்பா பரேலில் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். தாராவியிலிருந்து நடந்தே போய் வருவார். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்களே, அதில் அவரும் ஒருவர். பிறகு மில்லும் இல்லை, வேலையும் இல்லை, சைக்கிளில் இட்லி விற்றார். இன்று அந்த வட்டாரத்தில் மால்களும் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. அவர் காலத்தில் மில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் மகன் மில்லைத் தேடி பில்வாராவுக்கும் லூதியானாவுக்கும் குண்டூருக்கும் ரயில் ஏறுகிறான்.

சரி, 'பார்த்த இடங்கள்' கணக்குக்கு வருவோம். ராஜஸ்தானுக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். உதய்ப்பூர் ஏரியைப் பார்த்ததில்லை. கோல்டன் டெம்பிள் மெயிலில் எத்தனை முறை ஏறியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த வண்டி கடைசியாகப் போய் நிற்கும் அமிர்தசரசில் நான் கால் வைத்ததில்லை. லூதியானாவிலேயே இறங்கிவிடுவேன், மில் வண்டி வாசலில் நிற்கும். மில்லுக்குள் போனால் எல்லா ஊரும் ஒரே ஊர்தான். நூல் அறுபடாமல் இருக்க காற்றில் ஈரப்பதம் வைத்திருப்பார்கள், அந்த வெக்கையும் புழுக்கமும் எங்கேயும் ஒன்றுதான். பஞ்சு மூக்கில் ஏறும். சூப்பர்வைசர் திட்டுகிற பாஷையை வைத்துத்தான் எந்த மாநிலம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மருமகன் இன்ஸ்டாகிராமில் பார்க்கிற 'டிராவல்' இது இல்லை. அங்கே ஊரைத் தேர்ந்தெடுப்பவன் போகிறவன். இங்கே ஊரைத் தேர்ந்தெடுப்பது உடைந்துபோன பேரிங்.

கப்பலில் சேரலாமா என்றும் கேட்டான். நம் ஆட்களுக்குக் கப்பல் என்றால் இன்னும் ஒரு மயக்கம் இருக்கிறது. எங்கள் பழைய பில்டிங்கில் ஒரு பையன் மூன்றாவது எஞ்சினியராகப் போனான். "அண்ணே, சிங்கப்பூருக்குப் பதினாலு தடவ போயிருக்கேன், ரெண்டே தடவதான் வெளிய எறங்கிப் பாத்தேன்" என்பான். கன்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் ஒரு நாள் நின்றாலே அதிகம். அந்த ஒரு நாளும் எஞ்சின் அறை ஆளுக்குத்தான் வேலை ஜாஸ்தி. அதிகாரி என்றால் நாலு முதல் ஆறு மாத ஒப்பந்தம், கீழ்நிலை ஆட்களுக்கு ஒன்பது மாதம் வரை போகும். 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க சுமார் நாலு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பையனும் அதில் இருந்தான். சம்பளம் நல்ல சம்பளம், மறுக்கவில்லை. ஆனால் உலகம் சுற்றுவதற்காகக் கப்பலுக்குப் போகிறேன் என்றால் அது லிப்டில் போய்க்கொண்டே இருந்தால் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம் என்பது மாதிரி. (இடையில் ஒரு எச்சரிக்கை: கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுகள் நவி மும்பைப் பக்கம் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம், அதாவது ஆர்பிஎஸ்எல் நம்பர், இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.)

கல்யாணில் ஒரு லோகோ பைலட் நண்பர். நாட்டிலேயே நல்ல ஜன்னல் சீட்டு எனக்குத்தான் என்பார். ஆனால் பூசாவல் வரைக்கும்தான் அந்த ஜன்னல். அங்கே ரன்னிங் ரூமில் தூங்கி எழுந்து அதே தண்டவாளத்தில் திரும்ப வேண்டும். மெடிக்கல் ரெப் வேலையில் டூர் பிளான் மாதத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், அதே டாக்டர், அதே வாசல், அதே காத்திருப்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை உண்மையிலேயே காடு மலை என்று அனுப்பும். 1851-லிருந்து அவர்களுக்கு அதுதான் வேலை. ஆனால் அதற்குப் புவியியல் படித்து யுபிஎஸ்சி எழுத வேண்டும், நம்ம ஆள் வண்டியைத் தவறவிட்டாயிற்று.

அப்புறம் லேப்டாப்போடு எங்கிருந்தும் வேலை பார்க்கிற யோசனை. "மாமா, தாய்லாந்துல புது விசா இருக்கு, அஞ்சு வருஷம்." இருக்கிறது. 2024-ல் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை நுழைந்தால் 180 நாள் இருக்கலாம். அதற்கு வங்கியில் ஐந்து லட்சம் பாட் காட்ட வேண்டும், நம் கணக்கில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். படிப்புக்கடனே கட்டி முடிக்காத வீட்டில் அதை யார் காட்டுவது? இதைச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டாள், அவனுக்குக் கோபம். லேப்டாப்போடு ஊர் சுற்றுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏழெட்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தொழிலைக் கற்றுக்கொண்ட பிறகு கிளம்பியவர்கள். ரீல்ஸில் அந்த நாற்காலி வராது.

அப்படியானால் அவனுக்கு என்னதான் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: எது கெட்டுப்போனால் ஆள் நேரில் போயே தீர வேண்டும்?

2020 வரைக்கும் எங்கள் சேல்ஸ் ஆட்கள் வாரத்துக்கு இரண்டு விமானம் ஏறினார்கள். எங்களைப் பார்த்து, 'பாவம், ஸ்லீப்பர் கோச்' என்பார்கள். ஊரடங்கு வந்தது, எல்லாரும் வீடியோவில் பேசக் கற்றுக்கொண்டார்கள். முதலாளிகளுக்கு விமான டிக்கெட் வெறும் செலவு என்று புரிந்துவிட்டது. இன்று அவர்களில் பாதிப் பேர் அந்தேரி ஆபீசை விட்டு நகர்வதில்லை. எங்களுக்கு மட்டும் தடை தளர்ந்த முதல் வாரமே பாஸ் வாங்கி அனுப்பினார்கள். இப்போது இயந்திரத்தின் தகவல் எல்லாம் ஆன்லைனில் வருகிறது, எங்கே கோளாறு என்று மும்பையிலிருந்தே பார்க்கலாம், அதனால் போக வேண்டிய தடவைகள் கொஞ்சம் குறைந்திருப்பதும் உண்மை. ஆனால் நூல் சுற்றும் ஸ்பிண்டிலை மாற்ற யாராவது ஒருத்தன் கையை உள்ளே விட்டாக வேண்டும். ஆகவே பயணத்தைத் தேடாதே, உன் கையை நாலு ஊரில் கூப்பிடுகிற மாதிரி ஒரு வேலையைக் கற்றுக்கொள். லிப்ட், காற்றாலை, ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின், எதுவாகவும் இருக்கட்டும். பயணம் தானாகப் பின்னால் வரும், போதும் போதும் என்கிற அளவுக்கு வரும்.

இதற்கான விலையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மாமா சொல்லவில்லை என்று வரக்கூடாது. முதுகு போகும். எனக்கு நாற்பத்தொன்றில் சர்க்கரை வந்தது. வெளியூர்ச் சாப்பாட்டுக்குத் தரும் படியான டி.ஏ.வில் மிச்சம் பிடிக்க இரண்டு வேளை வடாபாவ் தின்றதன் பலன். இப்போது குடியிருக்கும் சொசைட்டியில் குடியேறிய புதிதில் வாட்ச்மேன் என்னை நிறுத்தி விசிட்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னான். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் என் மனைவி பெயரை எழுதினேன்.

அவள் பேங்கில் கிளார்க். இரண்டு தடவை ஆபீசர் பிரமோஷன் வந்தது. பிரமோஷன் என்றால் டிரான்ஸ்பர். இரண்டு பேரும் வெளியூரில் இருந்தால் குழந்தையையும் என் அம்மாவையும் யார் பார்ப்பது? இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன், அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. அவளோடு சேர்ந்தவர்கள் இன்று மேனேஜர்கள். ஊர் சுற்றும் ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரை எதிலும் இந்த வரி இருக்காது. மருமகனே, உன் வேலைக்காக யார் எதை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். எங்கள் டீமில் மூன்று வருஷம் முன்னால் ஒரு பெண் சேர்ந்தாள். வேலையில் எங்களைவிடக் கெட்டி. ஆனால் மில் விருந்தினர் அறையில் அவளுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓட்டல் போடுவார்கள், ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்றால் அவளைக் கூப்பிட மாட்டார்கள், பிறகு அனுபவம் போதவில்லை என்பார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நீங்கள் ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். அது ஹிங்கன்காட் விஷயம்.

மகாராஷ்டிராவில் வர்தாவுக்குத் தெற்கே இருக்கிற பருத்திச் சந்தை ஊர் அது. யாரும் சுற்றுலா போக மாட்டார்கள். அங்கே ஒரு மில்லுக்குப் பதினோரு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் மில் எலக்ட்ரீஷியன், 'உங்க சென்னையிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரன் இங்கே படுத்திருக்கிறான்' என்று ஒரு கல்லறைக்குக் கூட்டிப்போனார். வில்லியம் லாம்டன். 1802-ல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய ஆள். அளந்துகொண்டே வடக்கே வந்து 1823-ல் இந்த ஊரில் செத்துப்போனார். அவர் தூக்கிக்கொண்டு திரிந்த தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துவிட்டது. அனுப்பிப் பழுது பார்க்க ஆளா இருந்தது? அவரே கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரம் தட்டித் தட்டிச் சரிசெய்தார். அங்கே நின்றுகொண்டு, இவரும் நம்ம டிபார்ட்மென்ட்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கல்லறை எனக்குக் கிடைத்தது பன்னிரண்டாவது வருஷம் போனதால். முதல் தடவை போயிருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். ஐம்பது நாடு பார்க்க வேண்டும் என்கிறான் மருமகன், பார்க்கட்டும். எனக்குப் பிடித்ததெல்லாம் ஒன்றுமில்லாத ஊருக்கு இருபதாவது தடவை போவது. பில்வாராவில் ஒரு லாட்ஜ் அலமாரியில் என் லுங்கியும் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் ஏழு வருஷமாக இருக்கின்றன. குண்டூரில் மெஸ்காரம்மா எனக்கு மட்டும் காரம் குறைத்துப் போடுவார், திட்டிக்கொண்டே.

நேற்று அந்த ஹிங்கன்காட் மில்லிலிருந்து போன். பழைய கார்டிங் மெஷின் நாலு நிற்கிறதாம். அடுத்த வாரம் கிளம்புகிறேன். மருமகனுக்குக் காலேஜ் லீவு, அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆறு நாள் மில்லுக்குள் இருந்து பார்க்கட்டும், லாம்டனையும் காட்டுகிறேன். விதர்பா எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர். இரண்டு டிக்கெட்டும் இன்னும் ஆர்ஏசி-யில்தான் நிற்கின்றன. சார்ட் போட்டும் நகரவில்லை என்றால் ராத்திரி முழுக்க ஒரே சைடு லோயரில் இரண்டு பேரும் எதிரெதிரே கால் நீட்டிக்கொண்டு போக வேண்டும். ஜன்னல் பக்கம் யாருக்கு என்று இப்போதே கேட்கிறான்.