முதல் நாள் மட்டும் சும்மாவா?

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகப் பாடநெறி தெரிவுசெய்ய வழிகாட்டுகிறேன். முதல் சந்திப்புக்கும் காசு என்றால் முகம் சுருங்குகிறது. "சும்மா கதைக்கிறதுக்குமா, மிஸ்?"

சும்மா கதையா அது? போன கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். காசு கேட்கவில்லை. உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கொடுக்கும் பிள்ளையின் இசட் புள்ளியை, பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டத்துக்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பார்த்து, எந்தப் பாடநெறியை முதலில் போடுவது என்று ஒன்றரை மணித்தியாலம் இருந்து கொப்பித்தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு "யோசிச்சுச் சொல்றம்" என்று போனவர்கள்தான். என் வேலையில் பாதி அந்த முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது!

டியூட்டரியில் முதல் வகுப்பு இலவசமாம். அங்கே நூறு பிள்ளைகள்; என் முன்னால் ஒரே ஒரு பிள்ளை. வசதியில்லாத பிள்ளையிடம் நான் வாங்குவதே இல்லை, அது வேறு. மற்றவர்களுக்கு இனி முதல் நாளும் ஆயிரம் ரூபாய்.