என் மேசையைப் படம் எடுத்தவருக்கு

சனிக்கிழமை கொழும்பில் நாங்கள் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் பழைய போர் ஒன்றை விளையாடியதை ஒருவர் படம் எடுத்துப் போட்டது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். படத்தைப் பார்த்திருப்பீர்கள், மேலே எழுதியிருந்த வரியையும் படித்திருப்பீர்கள்: "செத்தவர்களை மறந்துவிட்டுக் கொழும்பில் போர் விளையாடுகிறார்கள்." அதில் குனிந்து நின்று நாடாவால் அளப்பவன் நான்தான். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இனி முடியவில்லை.

அந்த மேசையில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அதனால் நானே சொல்கிறேன். ஆறடிக்கு நாலடி மேசை. 1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். ரிஜிபோம் வெட்டிச் செய்த மேடுகள், சாயம் போட்ட தென்னந்தும்பில் மரங்கள், 28 மில்லிமீற்றர் உயரச் சிப்பாய்கள். பாதிப் பேர் தாளில் அச்சிட்டு வெட்டி ஒட்டியவர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டில் இருந்து ஒரு பெட்டி எடுப்பிக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மிச்சப் பேருக்கு வெள்ளவத்தை அறையில், வேலை முடிந்து வந்து இரவில் நிறம் தீட்டினேன். ஒரு குதிரைவீரனுக்கு மூன்று இரவு. கண்ணுக்குப் புள்ளி வைக்கத் தூரிகை சரிவராது. பல்லுக்குத்தும் குச்சியின் நுனியை இன்னும் சீவி, மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும். கை ஆடினால் முகம் முழுக்க அழித்து முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதைத்தான் போர் என்கிறார்.

போர் எனக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்ற சனத்தில், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒன்பது வயதுப் பெடியனாக நானும் நின்றேன். அதற்கு முன்பு பங்கருக்குள் எங்களை அழாமல் வைத்திருந்தது அப்பப்பாவின் பழைய சீட்டுக்கட்டு. முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று அவர் கணக்குச் சொல்லச் சொல்ல, ஷெல் விழுகிற சத்தத்தை எண்ணுவதை விட்டுப் புள்ளியை எண்ணினோம். விளையாட்டு எனக்குள் வந்தது அந்தக் குழிக்குள் வைத்துத்தான். மேசை மேசைதான், போர் போர்தான். எனக்கு அந்த வித்தியாசத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"வேறு விளையாட்டே கிடைக்கவில்லையா?" என்பீர்கள். சதுரங்கத்தில் நிற்பது யார்? யானை, குதிரை, காலாள். எங்கள் பிள்ளை அதில் வென்றால் பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறோம். இந்த விளையாட்டுக்கு விதிகள் எழுதி 1913இல் புத்தகமாகப் போட்ட ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பெரிய போரை விட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்றுதான் அதில் எழுதினார். அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் தொடங்கியது.

எங்கள் போரையே ஒருவர் மேசையில் போட்டால்? அந்தக் கேள்வி நியாயமானது. நான் ஆடமாட்டேன். அந்த அறையில் நிற்கவும் மாட்டேன். ஆனால் சனிக்கிழமை அது நடக்கவில்லையே. இருநூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரஷ்யரும்தானே அங்கே நின்றார்கள்.

பிறகு கீழே வந்த கருத்துகள். "யாரோடு விளையாடுகிறான் பாருங்கள்" என்று ஒருவர். என் எதிரில் நின்றவர் நுகேகொடையில் இருந்து வந்த, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சிங்களவர். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். நேற்றுக் காலை அழைத்து, மேலே தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நல்லாக வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள் என நினைத்திருக்கிறார். எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொல்கிறேன் சேர் என்று வைத்துவிட்டேன்.

போரில் செத்தவர்களுக்காக மே 18இல் ஒவ்வொரு வருடமும் வீட்டில் விளக்கேற்றுகிறேன். அதை ஒருநாளும் படம் எடுத்துப் போட்டதில்லை. அதனால்தான் நான் மறந்துவிட்டேன் என்று முடிவு கட்டினீர்களா? என் அப்பப்பாவை எங்கே புதைத்தோம் என்று உங்களுக்குத் தெரியுமா?

சரி, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு பெடியன் நிற்கிறான். பத்து வயது இருக்கும். நான் ஒரு சிப்பாயை மேசையில் இருந்து எடுத்தபோது, "அங்கிள், இவர் செத்திட்டாரா?" என்று கேட்டவன். இல்லை, பெட்டிக்குள் போகிறார், அடுத்த ஆட்டத்துக்கு வருவார் என்றேன். தாயக்கட்டையை அவன் கையில் கொடுத்து உருட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் அளக்கக் குனிந்தபோது எடுத்த படம்தான் அது. நேற்றிரவு அவனுடைய அம்மா எனக்கு இரண்டு தரம் அழைத்துவிட்டார். படத்தை நீக்க மனமில்லை என்றால், அந்தப் பிள்ளையின் முகத்தையாவது மறையுங்கள்.