மூக்கனேரித் தீவுகளுக்குப் படகு வேண்டாம்

அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. "ஏற்காடு போகணும், தீவு பார்க்கணும், காட்டு மிருகம் பார்க்கணும்" என்று அவளுடைய சின்ன மகள் வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டாள். ஏழு வயது. நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று இந்த வருஷம்தான் பாடத்தில் படித்திருக்கிறாள். சேலத்தில் கடலே இல்லையே, தீவுக்கு எங்கே போவது என்று அவள் அப்பா கேட்டார். இருக்கு மாப்பிள்ளை என்றேன். ஒன்றல்ல, 40-க்கும் மேல்.

அந்த ஒரு நாளைப் பற்றியும், அன்று வேனுக்குள் எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொலுசுப் பட்டறையில் ஆர்டர் வேலை முடிந்து இன்றுதான் உட்கார முடிந்தது. நீளமான பதிவுதான். சேலத்துக்காரர்கள் முழுக்கப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக் கரைமேல் நின்றோம். நான், மனைவி, மகன், தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அத்தை, வேன் ஓட்டிய நண்பர் என ஒன்பது பேர். மார்கழிப் பனி. சேர்வராயன் மலை இருக்கிற திசையில் மலையே தெரியவில்லை. தண்ணீர்மேல் புகை மாதிரி ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தீவுகள் வெளியே வந்தன. மரம் அடர்ந்த சின்னச் சின்னத் திட்டுகள். பெரியதாக ஒன்று, ஆள் படுத்தால் கால் நீட்டக்கூட இடமில்லாத மாதிரி இன்னொன்று.

அத்தைக்கு எழுபது வயது, கன்னங்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவர். "எங்க காலத்துல இதுக்குள்ள ஏது கண்ணு தீவு? கோடையில வெறுந்தரையா கெடக்கும். ஆடு ஓட்டிக்கிட்டுக் குறுக்கால நடந்து போவோம்" என்றார். உண்மைதான். இந்தத் தீவுகள் இயற்கையாக உண்டானவை அல்ல. சேர்வராயன் மலைச் சரிவில் பெய்யும் மழை வந்து சேர்கிற 58 ஏக்கர் ஏரி இது. தூர்ந்து, குப்பையும் சாக்கடையும் சேர்ந்து கிடந்ததை 2010-ல் சூழலியல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் முன்னின்ற சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. தூர் வாரினால் மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் எந்த ஏரியிலும் முதல் கேள்வி. லாரிக்கும் டீசலுக்குமே பாதிப் பணம் போய்விடும். இங்கே வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே மேடு மேடாகக் குவித்தார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது, மேடு தீவாயிற்று. அதன்மேல் மரக்கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். அந்தச் சமயத்தில் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடித்திருக்கிறேன். இரண்டே இரண்டு நாள்தான் என்றாலும் அந்த மரங்களைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும்.

வெளிச்சம் வர வர ஏரி பேச ஆரம்பித்தது. முதலில் நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம் போட்டுக்கொண்டு கூட்டமாக மேய்ந்தன. முக்குளிப்பான் ஒன்று முங்கியது. எங்கே எழும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள், ஒரு தடவைகூட ஒருவரும் ஜெயிக்கவில்லை. நாணல் ஓரத்தில் நீலத் தாழைக்கோழி நீலமும் ஊதாவுமாக நடந்தது. கரைப்பக்கம் நின்ற மடையானை யாருமே பார்க்கவில்லை. அது பறந்து வெள்ளைச் சிறகை விரித்தபோதுதான் "அய்யோ, இவ்வளவு நேரம் இங்கேயா இருந்துச்சு" என்று தங்கை கத்தினாள்.

நடுவில் ஒரு தீவில் பட்டுப்போன கிளை தண்ணீருக்கு மேலே நீண்டிருந்தது. அதில் ஒரு பாம்புத்தாரா இறக்கை இரண்டையும் அகல விரித்து, வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. மருமகளிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். "மாமா, அது ஏன் துணி காயப்போடுற மாதிரி நிக்குது?" என்று கேட்டாள். நனையாத அளவுக்கு எண்ணெய்ப் பசை வாத்தின் இறகில் உண்டு, பாம்புத்தாராவின் இறகு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். நனைந்தால் உடம்பு கனக்கும், கனத்தால்தான் ஆழத்தில் முங்கி மீனைக் குத்த முடியும். வெளியே வந்தால் காய வைத்துத்தான் ஆக வேண்டும். நீந்தும்போது கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே தெரியும், அதனால் அந்தப் பெயர். அவள் அந்தப் பறவையை விட்டு நகரவே இல்லை. அரை மணி நேரம். செல்போன் பார்க்காமல் அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் உட்கார்ந்ததை அவள் அம்மாவாலேயே நம்ப முடியவில்லை.

கூழைக்கடாக்கள் ஆறு வந்து இறங்கின. நத்தைகுத்தி நாரைகள் ஒரு தீவின் உச்சி மரங்களில் இருந்தன. வாயை முழுக்க மூடினாலும் அலகுக்கு நடுவே இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கும் சதையை எடுக்க ஏற்ற அலகு. நீர்க்காகங்களை எண்ணி முடிக்க முடியவில்லை. உள்ளே அடர்ந்த கிளைகளில் வக்காக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவை ராத்திரி வேலைக்காரர்கள், பகல் முழுக்க ஓய்வு. என் மகன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். மொத்தம் 19 வகை.

அப்போதுதான் மாப்பிள்ளை சொன்னார். "மச்சான், இங்க மட்டும் படகு விட்டா எப்படி இருக்கும்! அந்தத் தீவுல எறங்கி, நடந்து, பக்கத்துல நின்னு பார்க்கலாமே. சேலத்துக்கே பெரிய டூரிஸ்ட் ஸ்பாட் ஆயிடும்."

அவர் நல்ல மனிதர். ஆசைப்பட்டுத்தான் சொன்னார். இந்த ஏரிக்குப் படகு விடலாம் என்ற பேச்சு சேலத்தில் அவ்வப்போது எழுவதுண்டு, சொல்பவர்கள் எல்லோருமே ஊர்மேல் அக்கறையுள்ளவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கூடாது. மூக்கனேரித் தீவுகளுக்குப் படகு கூடவே கூடாது.

இத்தனை மரங்கள் ஊருக்குள் இருக்க, பறவை ஏன் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் மரத்தைத் தேடி வருகிறது? நாய் வராது, பூனை வராது, கீரி எளிதில் வராது, மனிதன் வரமாட்டான். அந்தத் தண்ணீர்தான் அதற்கு மதில். இதை நம்பித்தான் கூடு கட்டுகிறது. படகு விட்ட அன்றே அந்த மதில் இடிந்துவிடும். மனிதன் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். ஐந்து நிமிஷம் திறந்து கிடந்தால் போதும், முட்டைமேல் வெயில் ஏறும், காக்கையும் பருந்தும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு படகு போனால் பரவாயில்லை, திரும்பி வந்துவிடும். காலை முதல் சாயங்காலம் வரை படகு போய்க்கொண்டே இருந்தால் அந்தப் பறவை அடுத்த வருஷம் வராது.

யாரும் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மாதங்கள்தான் நீர்ப்பறவைகள் பலவற்றுக்கும் கூடு கட்டுகிற, குஞ்சு வளர்க்கிற காலம். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் வருவது அதே மாதங்களில். படகில் கூட்டம் அலைமோதும் நாளும், கூட்டில் குஞ்சு வாய் திறந்து காத்திருக்கும் நாளும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றை ஒன்று தள்ளிவைக்க வழியே இல்லை.

"அப்ப வேடந்தாங்கல்?" என்று மாப்பிள்ளை கேட்டார். நானே அதைத்தான் சொல்ல இருந்தேன். வேடந்தாங்கல் என்றதும் ஏதோ பெரிய காடு என்று நினைக்கிறோம். அந்த ஏரி சுமார் 74 ஏக்கர்தான். மூக்கனேரியை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. அங்கே கரைமேல் நடந்து, பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பார்ப்பதுதான் வழக்கம். யாரும் மரத்தடிக்குப் போய் நின்று பார்ப்பதில்லை, ஆனாலும் வெளிமாநிலத்திலிருந்துகூட வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது புகார் செய்து, 1798-ல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவே வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஒரு ஊர். கண்மாயில் இருக்கிற பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் இருக்கிற ஊர்தான் அதுவும். அவர்களால் முடிகிறது. நாமோ விநாயகர் சதுர்த்திக்கு இதே மூக்கனேரியில் வண்டி வண்டியாகச் சிலைகளைக் கொண்டுவந்து இறக்குகிறோம். பெயின்ட் கரைந்த தண்ணீரில்தான் முக்குளிப்பான் முங்குகிறது. எனக்குப் பிள்ளையார்மேல் பக்தி உண்டு, களிமண் பிள்ளையாரை வீட்டு வாளியிலேயே கரைக்கிறோம்.

வேன் கிளம்பி மலை ஏறும்போதும் பேச்சு தொடர்ந்தது. 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் காரை நிறுத்தி ஒரு குடும்பம் குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக் குரங்கு தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நமக்குத் தெருவுக்குத் தெரு கண்ணில் படுவதால் அருமை தெரியவில்லை. சாப்பாடு ரோட்டில் கிடைக்கும் என்று பழகிய குரங்கு ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும், வளைவில் திரும்புகிற வண்டிக்கு அது தெரியாது. எங்கள் நண்பர் நிறுத்தவில்லை. பிள்ளைகள் முதலில் முகம் சுருங்கினார்கள், காரணம் சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

ஏற்காடு ஏரியில் படகு ஏறினோம். ஆமாம், ஏறினோம். மிதிபடகு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா இங்கே ஏரிக்குள் தீவில் இருந்த மான் பூங்காவுக்கு அழைத்துப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற புள்ளிமானைப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. படகு வேண்டும் என்பவர்களுக்கு மாவட்டத்தில் ஏற்காடு ஏரி இருக்கிறது, அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். அன்று எங்களைக் கடந்து போன படகில் ஸ்பீக்கர் அலறியது. ஒரு மணி நேரத்தில் மகனுடைய நோட்டில் ஏறியவை நான்கே வகை. மலை ஏரியும் சமவெளி ஏரியும் ஒன்றல்ல, நேரமும் வெயில் ஏறிய நேரம், எல்லாப் பழியையும் படகுமேல் போட முடியாது. ஆனாலும் 19-க்கும் நான்குக்கும் நடுவில் படகுக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் இரண்டும் வழக்கம்போல் கூட்டம். பார்த்தோம், வந்தோம்.

சாயங்காலம் இறங்குவதற்கு முன் ஒரு காபித் தோட்டத்து ரோட்டில் நண்பர் திடீரென்று வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். ஒன்றும் பேசாமல் விரலை மட்டும் நீட்டினார். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, காபிச் செடிகளுக்கு நடுவில், கரும்பாறை என்று நினைத்தது அசைந்தது. காட்டெருமை. ஒன்று, இரண்டு, மொத்தம் ஐந்து. முட்டிக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. ஒரு கன்று மட்டும் செம்பழுப்பு. பெரிய ஆண் 1,000 கிலோவுக்கு மேல்கூட எடை வரும். மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். "சார், எறங்காதீங்க. அதுங்க நம்மள இன்னும் கண்டுக்கல, அப்படியே இருக்கட்டும்" என்றார் நண்பர். மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார். ஒன்பது பேரும் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் இருந்தோம். அவை புல்லைப் பிய்க்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு அவையாகவே சரிவில் இறங்கி மறைந்துவிட்டன. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

கீழே இறங்கும்போது மாப்பிள்ளை மறுபடியும் ஆரம்பித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. "படகு வந்தா கன்னங்குறிச்சிப் பசங்க நாலு பேருக்கு வேலை கிடைக்குமே மச்சான், அதுக்கு என்ன சொல்றீங்க?" வேலை வேண்டும்தான். கரையில் வேடந்தாங்கல் மாதிரி ஒரு பார்வைக் கோபுரம் கட்டட்டும். நல்ல பைனாகுலர் பத்து வாங்கி மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுக்கட்டும். பறவைகளை அடையாளம் காட்டத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளை வழிகாட்டியாகப் போட்டுச் சம்பளம் கொடுக்கட்டும். என் மகன் ஒரே காலையில் 19 பெயர் கற்றுக்கொண்டான், ஏரிக்கரையிலேயே வளர்ந்த பையன்களுக்கு ஒரு மாதம் போதும். டீக்கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். இதற்கெல்லாம் ஒரு தீவில்கூடக் கால் வைக்கத் தேவையில்லை.

மாப்பிள்ளை முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரியில் ஓடும், சத்தம் இல்லாத படகு ஒன்றே ஒன்று விடலாமே என்கிறார். சத்தம் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் மனிதனைப் பறவை பார்க்கும் என்பது என் பதில். போனில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மருமகள் அந்தப் பாம்புத்தாராவை வரைந்து அனுப்பியிருக்கிறாள். இறக்கைகளில் துணிக் கிளிப் மாட்டி வைத்திருக்கிறாள். தீவைச் சுற்றி நீலத்தில் பட்டையாகத் தண்ணீர். படகு இல்லை.

பொங்கலை ஒட்டிப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இந்த முறை நானும் மகனும் மூக்கனேரிக்குப் போகிறோம். காலை ஆறு மணிக்குக் கரைமேல் இருப்போம். எங்களிடம் இரண்டு பைனாகுலர் இருக்கின்றன, யாரிடமாவது இன்னொன்று இருந்தால் எடுத்து வாருங்கள். சிவப்பு, பளீர் மஞ்சள் சட்டை வேண்டாம். குழந்தைகளை அவசியம் கூட்டி வாருங்கள், அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.