செமாக்ளுடைட் மெட்டபாலிசத்தை முடுக்கிவிடுவதில்லை
அண்ணா, "செமாக்ளுடைட் ஊசி மெட்டபாலிசத்தை முடுக்கிவிட்டுக் கொழுப்பை எரிக்கும், ஆறு மாதம் போட்டு நிறுத்தினாலும் எடை திரும்பாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் தரப்படும் இந்த மருந்து முக்கியமாக வேலை செய்வது பசியின் மீது. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போலச் செயல்பட்டு மூளையில் பசியைத் தணிக்கிறது, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. ஆறு இட்லி சாப்பிட்டவர் மூன்றிலேயே போதும் என்று எழுந்துவிடுகிறார். எடை இறங்குவது அதனால்தான். மெட்டபாலிசம், அதாவது உடல் எரிக்கும் கலோரி, கூடுவதில்லை. எடை குறையக் குறைய அதுவும் குறையத்தான் செய்யும், டயட்டில் இளைத்தவருக்கு நடப்பது போலவே.

சரி, நிறுத்தினால்? எடை கூடியவர்களுக்கு இந்த ஊசியைக் கொடுத்துப் பார்த்த, 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் எடை குறைந்தது. மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. பசி பழையபடி வந்துவிடுகிறது, இளைத்த உடல் எரிக்கும் கலோரியோ குறைவு. எடை திரும்புவதைப் போய் மன உறுதி இல்லை என்று பழிப்பது அநியாயம். உடல் பருமனும் ரத்த அழுத்தம் போல நீண்டகால நோய்தான்.

அண்ணா நகர், வேளச்சேரி பக்கம் ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று இந்த ஊசியைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகும்; புரதமும் எடைப் பயிற்சியும் வேண்டும். அப்புறம், குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் (தைராய்டில் வரும் ஓர் அரிய வகைப் புற்றுநோய்) இருந்திருந்தால் இதைப் போடவே கூடாது. டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.