ரை வேறு, கம்பு வேறு

விஸ்கி பற்றிய உங்கள் கட்டுரையில் ரை (rye) என்ற தானியத்தில் செய்யும் ரை விஸ்கியை 'கம்பு விஸ்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள். கம்பு வெயிலையும் வறட்சியையும் தாங்கும் சிறுதானியம். ரை, கோதுமைக்கும் பார்லிக்கும் சொந்தக்காரப் பயிர். போலந்து, ஜேர்மனி, ரஷ்யா பக்கம் இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். பனிக்கடியில் கிடந்து அடுத்த கோடையில் அறுவடைக்கு வரும். கோதுமை சரியாக விளையாத மணல் நிலத்திலும் வளரும்.

பெயர்க் குழப்பம்தானே என்று என்னால் விட முடியவில்லை. என் அக்கா மகளுக்கு சீலியாக் நோய், கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகவே ஆகாது. கம்பில் அது இல்லை, ரையில் இருக்கிறது. போன வருடம் வெள்ளவத்தையில் ஒரு கடையில் 'கம்புப் பாண்' என்று ஒட்டியிருந்ததை நம்பி வாங்கிக் கொடுத்தோம். அது ரைப் பாண். பிள்ளை இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அமெரிக்காவில் ரை விஸ்கி என்று விற்க, தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும் என்று எழுதியது சரி. கனடாவிலும் அதே விதி என்றது பிழை. அங்கே அப்படி ஓர் அளவு கிடையாது. மக்காச்சோளம் கூடுதலாக இருந்தாலும் ரை விஸ்கி என்றே விற்கலாம்.

தமிழில் 'ரை' என்றே எழுதுங்கள்.